ஆறு எழுத்துக்காகக் காத்திருந்த விளையாட்டு

பட்டியல் காலியாகத்தான் இருக்கும் என்று தெரிந்தேதான் திறந்தேன்.

அன்ரியல் டோர்னமென்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. 1999 நவம்பரில் வெளிவந்த முதல் பதிப்பு. அண்ணன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய டிஸ்க், மதுரை வீட்டு பீரோவில் போட்டோ ஆல்பங்களுக்கு அடியில் கிடந்தது. மேலே இரண்டு கீறல், அவ்வளவுதான். மடிக்கணினியில் மாட்டிய யூஎஸ்பி சிடி டிரைவில் போட்டதும் கரகரவென்று கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஒழுங்காக இன்ஸ்டால் ஆனது. எபிக் நிறுவனம் இந்த விளையாட்டுக்குக் கடைசியாகக் கொடுத்த 436 பேட்ச்சையும் போட்டேன். ஆட்டம் முதலில் தறிகெட்ட வேகத்தில் ஓடியது. பழைய அன்ரியல் எஞ்சின் பிராசசரின் வேகத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடும். இன்றைய பிராசசரோ நொடிக்கு நொடி வேகத்தை மாற்றிக்கொள்ளும். பவர் செட்டிங்கில் முழு வேகத்தில் நிறுத்தியதும் சரியாகிவிட்டது.

இன்டர்நெட்டில் ஆட்டம் தேடும் பக்கத்தைத் திறந்தேன். ஒரு சர்வர்கூட இல்லை. இருக்கவும் முடியாது. அந்தப் பக்கம் இரண்டு முகவரிகளிடம் பட்டியல் கேட்கும். ஒன்று கேம்ஸ்பை என்ற சேவையினுடையது, அது 2014 மே 31-இல் மூடப்பட்டது. இன்னொன்று எபிக்கினுடையது, 2023 ஜனவரி 24-இல் பழைய விளையாட்டுகள் பலவற்றோடு சேர்த்து நிறுத்தப்பட்டது.

ஆனால் திரும்பிப் போய் தனி ஆட்டத்தைத் திறந்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. கணினியே ஆடும் எதிராளிகள், ஏணி ஏறுவதுபோல் ஒவ்வொரு மேப்பாகத் திறக்கும் போட்டிகள், எல்லாமே. ரூட்டர் வயரைப் பிடுங்கிவிட்டும் ஆடிப் பார்த்தேன். அதற்கு ஒன்றும் தெரியவில்லை. போனது அந்த ஒரே ஒரு பட்டியல் மட்டும்தான். அதை நானே திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பார்ப்பதுதான் இந்த இரண்டு வார வேலை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆடினால் போதும் என்றால் இதெல்லாம் தேவையில்லை. ஓல்டுஅன்ரியல் என்ற ரசிகர் குழு எபிக்கின் அனுமதியோடு வெளியிட்டுவரும் 469 வரிசை பேட்ச்சைப் போடுங்கள். ரசிகர்கள் நடத்தும் மாஸ்டர் சர்வர்கள் வழியாகப் பட்டியல் வந்துவிடும். டிஸ்க் இல்லை என்றாலும் கவலை இல்லை. இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கும் பிரதியை மக்கள் எடுத்துக்கொள்ள எபிக் 2024 நவம்பரில் சம்மதித்தது. எனக்கு வேண்டியிருந்தது வேறு. ஒரு விளையாட்டின் சர்வர் போன பிறகு அதைப் பிழைக்க வைக்க என்னென்ன தேவை என்பதைக் கையால் செய்து தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஆசை வந்ததற்குக் காரணம் தி க்ரூ. யூபிசாஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்ட கார் பந்தய விளையாட்டு. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓட்டிக்கொண்டே போகலாம் என்று செய்திருந்தார்கள். தனியாக ஓட்டினாலும் சர்வரோடு இணைப்பு இருந்தே ஆக வேண்டும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். அன்றோடு டிஸ்க்கில் வாங்கியவர், டவுன்லோடாக வாங்கியவர் என்று வித்தியாசமே இல்லாமல் எல்லோருடைய பிரதியும் செத்துப்போனது. வாங்கியவர்களின் கணக்கிலிருந்து பிறகு உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். பத்து வருடம்கூட ஆகாத விளையாட்டு. அண்ணனுடைய டிஸ்க் அதைவிடப் பதினைந்து வருடம் மூத்தது, இன்னும் ஓடுகிறது. இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது?

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் முகவரி எங்கே இருக்கிறது என்று தேடினேன். விளையாட்டின் சிஸ்டம் ஃபோல்டரில், அதன் செட்டிங்குகளை எழுதி வைத்திருக்கும் ஒரு ஐஎன்ஐ கோப்பு. நோட்பேடில் திறந்தால் சாதாரண எழுத்து. அதில் பட்டியல் கேட்கும் பகுதியில், மாஸ்டர் சர்வரின் முகவரி, போர்ட் (இணைப்பு வந்து சேரும் கதவு எண்) 28900, விளையாட்டின் பெயர் என்று ஒரே வரியில் கமா போட்டு எழுதியிருக்கிறது. அந்த முகவரியை அழித்துவிட்டு, ராஸ்பெர்ரி பை என்ற என் குட்டிக் கணினியின் முகவரியை எழுதிச் சேமித்தேன். பூட்டு, சாவி ஒன்றும் இல்லை. விளையாட்டை எழுதியவர்கள் இதை ஒளித்து வைக்க வேண்டிய விஷயமாக நினைக்கவே இல்லை.

இந்த இடத்தில் மாஸ்டர் சர்வர் என்ன செய்கிறது என்று சொல்லிவிட வேண்டும். அது கல்யாணத் தரகர் மாதிரி. ஆட்டம் நடத்துகிறவர்கள் தங்கள் முகவரியை அவரிடம் கொடுத்து வைப்பார்கள், ஆடத் தேடுகிறவர்கள் அவரிடம் வந்து கேட்பார்கள். முகவரியைக் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. ஆட்டம் நடப்பது அவர் வீட்டில் இல்லை. ஆட்டத்தை நடத்தும் சர்வர் நிரல் டிஸ்க்கிலேயே இருக்கிறது. அதே சிஸ்டம் ஃபோல்டரில் யூசிசி என்று ஒரு சின்ன நிரல், கட்டளை வரியில் மேப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டினால் உங்கள் வீட்டுக் கணினியே சர்வர்.

ஆக நான் எழுத வேண்டியது தரகர் வேலையை மட்டும். ஆனால் தரகரிடம் விளையாட்டு எந்த மொழியில் பேசும்?

இதற்கு நெட்டில் தேடி விடை எடுக்கலாம். நான் அந்த டிஸ்க்கிடமே கேட்டுப் பார்த்தேன். அன்ரியல்எட் என்ற மேப் வரையும் கருவியும் இந்த விளையாட்டோடு வருகிறது. அதில் விளையாட்டின் ஸ்கிரிப்ட் முழுவதையும் எழுத்தாக வெளியே எடுக்கும் வசதி உண்டு. எடுத்தேன். சர்வர் தேடும் பக்கத்துக்கான ஸ்கிரிப்ட் தனி ஃபோல்டராக வந்து விழுந்தது. கேம்ஸ்பையோடு பேசும் பகுதி சில பக்கம்தான். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் அதைப் படித்து முடிக்கும்போது காபி நேரம் ஆகியிருந்தது. அதை எழுதியவர் எனக்காகவே எழுதி வைத்துவிட்டுப் போனமாதிரி இருந்தது.

அதில் படித்ததை என் சொல்லில் சொன்னால் இப்படி. விளையாட்டு 28900-இல் போய்க் கதவைத் தட்டும். மாஸ்டர் சர்வர்தான் முதலில் பேச வேண்டும். 'பேசிக்', 'செக்யூர்' என்ற இரண்டு சொற்களைச் சாய்கோடுகளுக்கு நடுவே அனுப்பி, கூடவே ஒரு ரகசியச் சொல்லையும் அனுப்பும். விளையாட்டு அந்தச் சொல்லை வைத்து ஒரு கணக்குப் போட்டு, தன் பெயரோடு விடையை அனுப்பும். அடுத்து 'லிஸ்ட்' என்று கேட்கும். மாஸ்டர் சர்வர் ஒவ்வொரு ஐபி முகவரியாக எழுதி, கடைசியில் 'ஃபைனல்' என்று முடிக்கும். அவ்வளவுதான் உரையாடல்.

பைத்தானில் எழுதினேன். 28900-இல் காத்திருக்கும், யாராவது வந்தால் இந்த வரிசையில் பேசும். ரகசியச் சொல்லாக 'தமிழ்' என்பதை ஆங்கில எழுத்தில் அனுப்பினேன். பட்டியலில் சும்மா ஒரு முகவரியை எழுதி வைத்துவிட்டு விளையாட்டைத் திறந்து ரெஃப்ரெஷ் அழுத்தினேன்.

பையின் திரையில் ஒரு வரி வந்தது, மடிக்கணினி வந்து சேர்ந்துவிட்டது என்று. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. சில வினாடிகள் அப்படியே நின்றுவிட்டு விளையாட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டது. திரும்ப அழுத்தினேன், திரும்பவும் அதேதான். சாய்கோடு எண்ணிக்கை தப்போ என்று பார்த்தேன். ஓர் இடத்தில் இரண்டு சாய்கோடு அடுத்தடுத்து வர வேண்டும், அது சரியாகத்தான் இருந்தது. வரி முடிவில் எண்டர் சேர்ந்து போகிறதோ என்று பார்த்தேன், அதுவும் இல்லை. ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் போனது.

திரும்ப ஸ்கிரிப்ட்டைத் திறந்து வரி வரியாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. ரகசியச் சொல்லுக்காகக் காத்திருக்கும் இடத்தில் ஓர் எண் இருந்தது. 6. சரியாக ஆறு எழுத்து வரும்வரை காத்திரு என்று எழுதியிருக்கிறது. நான் அனுப்பியது ஐந்து. அந்த விளையாட்டு இத்தனை நேரமும் ஆறாவது எழுத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

'வைகை' ஆங்கிலத்தில் எழுதினால் ஆறு எழுத்து. அதைப் போட்டேன். ரெஃப்ரெஷ். பையின் திரையில் விடை வந்து விழுந்தது. விளையாட்டின் பெயர், எட்டு எழுத்தில் அது போட்ட கணக்கு, அதன் பின்னாலேயே 'லிஸ்ட்'. 1999-இல் யாரோ எழுதிய நிரல், என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து 'வைகை' என்ற சொல்லுக்குக் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறது. கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கணக்கு சரியா தப்பா என்று நான் சரிபார்க்கவே இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. முக்கியமான விஷயம் இங்கே இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் விளையாட்டுதான் தன்னை யார் என்று மாஸ்டர் சர்வரிடம் நிரூபிக்கிறது. அங்கிருந்து ஒரு சம்மதம் வந்தால்தான் ஆட்டம் தொடங்கும் என்று எதுவும் இல்லை. எப்போதும் இணைப்பு கேட்கும் விளையாட்டில் இது தலைகீழ். அங்கே சர்வர் ஒரு முத்திரையிட்ட பதில் தர வேண்டும், தராவிட்டால் முதல் திரையைத் தாண்டவே முடியாது. மூன்றாவது ஆள் எழுதும் ஸ்கிரிப்ட் அந்த முத்திரையைப் போட முடியாதபடிதான் அதைச் செய்திருப்பார்கள்.

அடுத்து, உண்மையான ஆட்ட சர்வர். பழைய டெஸ்க்டாப்பில் யூசிசியை ஓட்டினேன். ஆட்ட சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று மாஸ்டர் சர்வருக்கு ஒரு பாக்கெட் அனுப்ப வேண்டும். ஹார்ட்பீட் என்பார்கள், நாடித் துடிப்பு மாதிரி. 27900-இல் காத்திருக்கும் பகுதியையும் ஸ்கிரிப்ட்டில் சேர்த்துவிட்டேன். ஐந்து நிமிடம் ஆகியும் நாடி கேட்கவில்லை. இந்தத் தடவை காரணம் சீக்கிரம் கிடைத்தது. முகவரியை மாற்றினேனே தவிர, அறிவிக்கலாமா என்று கேட்கும் வரி ஐஎன்ஐ கோப்பில் வேறொரு இடத்தில் 'இல்லை' என்றே இருந்தது. அதை 'ஆம்' ஆக்கிவிட்டு சர்வரைத் திரும்பத் தொடங்கியதும் வந்தது. நீங்கள் செய்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

வந்த பாக்கெட்டை, வலையில் போய் வருவதைக் காட்டும் வயர்ஷார்க் என்ற கருவியில் திறந்து பார்த்தேன். வெறும் எழுத்து. ஹார்ட்பீட், 7778, கேம்நேம், யூடி. சாய்கோடு போட்டுப் பிரித்த நான்கு துண்டு. படிக்கத் தெரிந்த யாரும் படித்துவிடலாம்.

அந்த 7778-ஐக் கவனிக்காமல் இன்னொரு தப்பு செய்தேன். ஆட்டம் நடக்கும் போர்ட் 7777 என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் பட்டியலில் 7777 என்றே போகும்படி எழுதிவிட்டேன். மடிக்கணினி பட்டியலை வாங்கிக்கொண்டது, ஆனால் சர்வர் திரையில் வரவில்லை. விஷயம் என்னவென்றால், பட்டியலில் போக வேண்டியது விசாரிக்கும் போர்ட். விளையாட்டு பட்டியலில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் நேரே போய், 'உன் பெயர் என்ன, எந்த மேப், எத்தனை பேர்' என்று 7778-இல் விசாரிக்கும். அந்தப் பதிலுக்குள்தான் ஆட்டத்துக்கான 7777 இருக்கிறது. கடைக்காரரிடம் விலை கேட்க வேண்டிய வாசலும் சரக்கு எடுக்கும் வாசலும் வேறு வேறு. ஹார்ட்பீட்டில் வந்த எண்ணை அப்படியே பட்டியலில் எழுதும்படி மாற்றினேன்.

ரெஃப்ரெஷ். ஒரே ஒரு வரி. சர்வர் பெயர், மேப், 0/16, பிங். காலியாக இருந்த அந்தச் சாம்பல் நிறக் கட்டத்தில் என் டெஸ்க்டாப்பின் பெயர்.

ஸ்கிரிப்ட் அப்போது எழுபது வரியைத் தொடவில்லை. இதை என் திறமைக்காகச் சொல்லவில்லை. எழுபது வரியில் முடிந்ததற்குக் காரணம் அந்த விளையாட்டைக் கட்டியிருந்த விதம். முகவரி ஓர் எழுத்துக் கோப்பில் இருந்தது, பேச்சு மொழி படிக்கும்படி இருந்தது, ஆட்ட சர்வர் டிஸ்க்கில் இருந்தது. இந்த மூன்றில் கடைசி ஒன்று மட்டும் இல்லாமல் இருந்தால்கூட நான் இன்னும் உட்கார்ந்துகொண்டிருப்பேன்.

எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க, மறுநாள் என் கணக்கில் உள்ள வேறொரு விளையாட்டை எடுத்தேன். பெயர் வேண்டாம், இன்னும் விற்பனையில் இருக்கிறது. தனியாகவே ஆடுகிற பகுதிதான் அதில் பெரும்பாலும். அதற்கும் இணைப்பு வேண்டும். வயர்ஷார்க்கை ஓடவிட்டு அதைத் திறந்தேன். நான்கைந்து முகவரிகளின் பெயரைக் கேட்டது, ஒவ்வொன்றோடும் கைகுலுக்கியது. அதோடு சரி. அதற்கப்புறம் வந்ததெல்லாம் மறையாக்கம் செய்த பாக்கெட், ஓர் எழுத்தும் புரியாது. ஆடும்போதும் சில வினாடிக்கு ஒருமுறை ஏதோ போய் வந்துகொண்டே இருந்தது. வயரைப் பிடுங்கினேன். அரை நிமிடத்துக்குள் ஆட்டம் நின்று, இணைப்பு போய்விட்டது என்று சொல்லி முதல் திரைக்குக் கொண்டுவந்து விட்டது. நான் அப்போது யாரும் இல்லாத ஒரு மலைப்பாதையில் தனியாக நடந்துகொண்டிருந்தேன்.

மறையாக்கத்தைக் குறை சொல்லவில்லை. கடவுச்சொல்லும் பணமும் போகிற வழியில் அது இருக்கத்தான் வேண்டும். என் கவலை அதற்குப் பின்னால் இருப்பது. எந்தக் கதவு திறந்திருக்கிறது, பையில் என்ன இருக்கிறது, அடுத்த வேலை எது என்ற கணக்கெல்லாம் சர்வரில் இருந்தால், என் கையில் இருப்பது பாதி விளையாட்டுதான். தரகர் போனால் வேறு தரகர் வைத்துக்கொள்ளலாம். மண்டபமும் சமையலும் சேர்ந்தே போனால் என்ன செய்வது?

தி க்ரூவுக்கு நடந்தது இதுதான். அதன் ரசிகர்கள் விடவில்லை. சர்வர் எப்படிப் பேசியிருக்கும் என்று துப்பறிந்து, அதைத் தாங்களே புதிதாக எழுதி, தி க்ரூ அன்லிமிடெட் என்ற பெயரில் 2025 செப்டம்பரில் கணினிப் பதிப்புக்கு வெளியிட்டார்கள். மூடியதிலிருந்து எண்ணினால் ஒன்றரை வருடம். எனக்கு இரண்டு வார இறுதி. வேலை செய்தவர்களின் திறமையை வைத்துப் பார்த்தால் அவர்கள் என்னைவிடப் பல படி மேலே இருப்பவர்கள். அவர்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது என்றால், விளையாட்டின் எவ்வளவு பங்கு சர்வருக்குள் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த அளவு ரசிகர்கள் இல்லாத விளையாட்டுக்கு இப்படி யார் வருவார்கள்? டார்க்ஸ்போர் என்று ஒன்று 2011-இல் வந்தது. தனியாக ஆடவும் இணைப்பு வேண்டும். 2016-இல் சர்வரை நிறுத்தினார்கள். இன்று அதன் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்?

சர்வர் இல்லாமல் முடியவே முடியாது என்று சொல்லப்பட்டதெல்லாம் அப்படியே உண்மையும் இல்லை. நகரம் கட்டும் விளையாட்டான சிம்சிட்டி 2013 மார்ச்சில் வந்தபோது முதல் சில நாட்கள் மக்களால் உள்ளேயே போக முடியவில்லை. நகரத்தின் கணக்குகள் பல சர்வரில்தான் நடக்கின்றன, ஆஃப்லைன் என்பது எளிதல்ல என்று விளக்கம் வந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், ஆஃப்லைன் முறையை அதே நிறுவனம் கொடுத்தது. தி க்ரூ 2-க்கும் 2025 அக்டோபரில் ஆஃப்லைனில் ஆடும் வழி வந்துவிட்டது. நிறுவனம் மனது வைத்தால் நடக்கிறது. முதல் தி க்ரூ போன பிறகு கிளம்பிய எதிர்ப்புக்கு அதில் பெரிய பங்கு இருப்பதாகத்தான் நான் நினைக்கிறேன். யூடியூபர் ராஸ் ஸ்காட் 2024 ஏப்ரலில் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கேட்பது சர்வரைக் காலம் முழுக்க ஓட்டச் சொல்லி அல்ல. நிறுத்தும்போது வாங்கியவர் ஆடும் நிலையில் விட்டுப் போ என்பதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான மக்கள் மனு, தேவையான 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. ஐஎன்ஐ கோப்பில் ஒரு வரி, கூடவே ஒரு சர்வர் நிரல். பல விளையாட்டுகளுக்கு அது போதும்.

நூலகங்களும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவில் பதிப்புரிமைச் சட்டத்துக்கு விலக்கு கொடுக்கும் அதிகாரிகள், உரிமம் சரிபார்க்கும் சர்வர் மூடப்பட்ட விளையாட்டை வாங்கியவர் தன் வீட்டில் ஆட, அந்தப் பூட்டைத் திறந்துகொள்ளலாம் என்று 2015-இல் அனுமதித்தார்கள். 2018-இல் அருங்காட்சியகம், நூலகம், ஆவணக் காப்பகங்களுக்கு இன்னும் கொஞ்சம் விரித்தார்கள். ஆனால் சர்வரில் ஓடும் பகுதி தேவைப்படும் விளையாட்டு என்றால், அந்தச் சர்வர் நிரல் அவர்களுக்கு முறையாகக் கிடைத்திருக்க வேண்டும். நிறுவனம் கொடுக்காவிட்டால் அனுமதி இருந்தும் பயன் இல்லை. அலமாரியில் பெட்டி இருக்கும், உள்ளே ஆட்டம் இருக்காது.

திரும்ப என் சர்வருக்கு வருகிறேன். கடைசிப் பகுதிதான் பாக்கி: கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணனை உள்ளே கொண்டுவருவது.

ரூட்டரில் போர்ட் திறந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். திறந்தும் வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. ரூட்டர் காட்டிய வெளி முகவரியைப் பார்த்தால் 100-இல் தொடங்குகிறது. அதாவது எங்கள் இணைப்பு பல வீடுகளோடு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறது. இப்போது வீட்டு இணைப்புகள் பலவும் இப்படித்தான். 1999-இல் இந்தத் தொல்லை இல்லை. அதனால் இரண்டு வீட்டிலும் டெயில்ஸ்கேலைப் போட்டு ஒரு தனி வலையமைப்பாக்கினேன். அதில் ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி கிடைக்கும், அதுவும் 100-இல்தான் தொடங்கும், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விளையாட்டின் லேன் (வீட்டு வலையமைப்பு) பக்கம் அக்கம்பக்கத்தில் சத்தம் போட்டுத் தேடும் முறை, டெயில்ஸ்கேல் வழியாக அந்தச் சத்தம் போகாது. நான் எழுதிய தரகர் ஸ்கிரிப்ட் அங்கேதான் உண்மையிலேயே தேவைப்பட்டது.

அண்ணன் போனில் இருந்தான். "ஒண்ணும் வரலடா."

"ரெஃப்ரெஷ் பண்ணுங்கண்ணா."

"பண்ணிட்டேன். காலியாத்தான் இருக்கு. நீ எழுதுனது மதுரைக்கு மட்டும்தானா?"

அவன் சொன்னது கிட்டத்தட்டச் சரி. பையின் பதிவைப் பார்த்தேன். அவனுக்குப் போன முகவரி 192.168-இல் தொடங்கியது. அது எங்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி, கோயம்புத்தூரில் அது வேறு யாரோ. ஆட்ட சர்வரின் ஐஎன்ஐ கோப்பில் பையின் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தேன், அதனால் நாடியும் வீட்டு வழியாகவே வந்தது, ஸ்கிரிப்ட்டும் வந்த முகவரியைத்தான் எழுதிக்கொண்டது. அங்கே பையின் டெயில்ஸ்கேல் முகவரியைப் போட்டேன். அடுத்த நாடி புது வழியாக வந்தது, பட்டியலில் முகவரி மாறியது.

"டேய், வந்துருச்சு."

ஃபேசிங் வேர்ல்ட்ஸ் மேப். விண்வெளியில் மிதக்கும் பாறை, இரண்டு பக்கமும் இரண்டு கோபுரம், கொடியைத் தூக்கிக்கொண்டு திறந்தவெளியில் ஓட வேண்டும். கல்லூரி நாட்களில் அண்ணன் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து இதை ஆடுவான், நான் பின்னால் நின்று பார்ப்பேன். எனக்கு ஆட இடம் கிடைத்ததில்லை. இந்தத் தடவை கோபுரத்தின் உச்சியிலிருந்து தூரத்துத் துப்பாக்கியால் அவன் என்னை எத்தனை முறை சுட்டான் என்று எண்ணவில்லை. பத்தரைக்கு, காலையில் ஆபீஸ் இருக்கிறது என்று போய்விட்டான். சர்வரை அணைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனான்.

அணைக்கவில்லை. பை ரூட்டர் பக்கத்தில் பச்சை விளக்கோடு இருக்கிறது.

மறுநாள் செய்த வேலை ஒன்று பாக்கி. ஸ்கிரிப்ட், மாற்றிய இரண்டு ஐஎன்ஐ கோப்பு, 436 பேட்ச், டிஸ்க்கின் முழுப் பிரதி எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டேன். பென் டிரைவும் ஒருநாள் போகும் என்பதால் ஒரு தாளில் பேனாவால் எழுதினேன். கேட்க வருகிறவர்களுக்கு 28900, நாடிக்கு 27900, விசாரிக்க 7778, ஆட 7777. யார் முதலில் பேச வேண்டும், எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல். ரகசியச் சொல் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் ஆறு எழுத்து இருக்க வேண்டும் என்பதை அடிக்கோடிட்டேன். தாளை நான்காக மடித்து, டிஸ்க் பெட்டியில் அந்தப் பழைய கையேட்டுக்குப் பின்னால் செருகிவிட்டேன்.